ஏற்றம் நின்ற பின்: சென்னை மேற்குப் புறநகரில் நாட்டுப்புற இசையும் ஊர்க் கடப்பாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுப்புறப் பாடல்கள் கிராம வாழ்வின் விழுமியங்களை எடுத்துரைக்கின்றன என்னும் கருத்து தமிழ் ஆய்வுலகில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஏரிப்பாசன ஊர்களாக இருந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிய வரலாற்றை முன்வைத்து, இக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. தொழிற்பாடல்கள் மறைந்தும் வழிபாட்டுப் பாடல்களும் இறப்புச் சடங்குப் பாடல்களும் நிலைத்தும் இருப்பதற்கு, அப்பாடல்கள் தாங்கிநின்ற கடப்பாடுகளின் நிலையே காரணம் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, மேரை, பறை, பம்பை, ஏரிப்பாசனம், தொண்டைமண்டலம், புறநகர்.

முன்னுரை

நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ‘விழுமியங்கள்’ என்ற தலைப்பில் ஓர் இயல் தவறாமல் இடம்பெறும். விருந்தோம்பல், ஒற்றுமை, உழைப்பு, இறைநம்பிக்கை, கற்பு என அதன் உட்தலைப்புகளும் ஏறத்தாழ முன்கூட்டியே அறிந்தவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடல்கள் சான்று காட்டப்பெறும். இம்முறையில் பாடலின் பொருள் கிடைக்கிறது. ஆனால் அதை யார், யாருக்காக, எந்த நிலையில் பாடக் கடமைப்பட்டிருந்தனர் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இப்பார்வைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. சார்லஸ் ஈ. கோவர் 1871இல் சென்னையிலிருந்து வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப் பாடல்களின் ஆங்கிலத் தொகுப்பில் கன்னட, படகர், குடகுப் பாடல்களோடு வேமனரின் பாடல்களும் திருக்குறளும் இடம்பெற்றன. குறளை நாட்டுப்பாடலாகக் கொண்டது வகைப்பாட்டுப் பிழை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனினும் அப்பிழை தற்செயலாக நேர்ந்ததன்று. தென்னிந்திய மக்களின் உயர்ந்த ஒழுக்க உணர்வுக்கு அவர்களின் பாடல்களே சாட்சி என நிறுவ முனைந்தவருக்கு, ஏற்றக்காரரின் பாட்டைவிட அறநூல் ஏற்றதாகப் பட்டது. மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ (1943), கி.வா. ஜகந்நாதன் பதிப்பில் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்ட ‘மலையருவி’ (1958) ஆகியவை மெய்யான வாய்மொழிப் பாடல்களை அச்சில் ஏற்றின. ஆனாலும் அவற்றைப் படித்தோரின் கண் பெரிதும் கவிநயத்திலேயே நிலைகொண்டது. பாடலைச் சமூக வரலாற்று ஆவணமாகப் படிக்கும் வழியை அழுத்தமாகத் திறந்தவர் நா. வானமாமலை. ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) நூலுக்குப் பின், பாடலை உழைப்பிலிருந்து பிரித்துப் பேசுவது கடினமாயிற்று.

அந்த வழியில் ஒரு படி முன்செல்லச் சென்னையின் மேற்குப் புறநகர் நல்ல களம். ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் வயலும் ஏரியும் தொழிற்கூடமும் வீட்டுமனையுமாக மாறிய இடம் அது. அம்மாற்றத்தில் எல்லாப் பாடல்களும் ஒருசேர மறையவில்லை. எவை மறைந்தன, எவை நின்றன என்பதிலிருந்தே விழுமியம் பற்றிய வினாவைத் தொடங்க முடியும்.

ஏரிகளின் நாடு

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என இப்பகுதி ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே ஏரிகளின் பெயர்களைச் சொன்னதாகிவிடும். வற்றாத ஆறு இல்லாத தொண்டைமண்டலத்தில் நெல்வேளாண்மை மழைநீரைத் தேக்கும் ஏரிகளையே நம்பியிருந்தது. ஒன்றன் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்ததற்குச் செல்லும் சங்கிலித்தொடராக அவ்வேரிகள் அமைந்திருந்தன. ஏரிநீர் போதாத காலத்திலும் மேட்டு நிலத்திலும் கிணற்றுப் பாசனம் துணைநின்றது.

ஏரியைக் காப்பதும் நீரைப் பங்கிடுவதும் தனியொருவரால் ஆகும் செயல்களல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களில் எடுத்த அளவைப் பதிவுகள் இதற்குச் சிறந்த சான்று. தரம்பால் முதலியோரின் முயற்சியால் இப்பதிவுகள் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன. ஊரின் மொத்த விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் ஏரிக்கும், நீர் பாய்ச்சுவோர், காவல் புரிவோர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோருக்கும், கோயிலில் இசைத்தோருக்கும் ஆடியோருக்கும் பங்குகள் ஒதுக்கப்பட்ட முறையை அவற்றில் காணலாம். இசை அந்தக் கணக்குக்கு வெளியே இருந்த பொழுதுபோக்கு அன்று. களத்தில் நெல் அளக்கும்போது பங்கு பெறும் ஊர்ப்பணிகளுள் அதுவும் ஒன்று.

இவ்வமைப்பை இலட்சியச் சமுதாயமாக வருணிக்கும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு அந்த வருணனைக்குத் தக்க மறுப்பு. மிராசுதாரரிடம் கடனால் பிணைக்கப்பட்ட படியாட்களாக இருந்த பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனையிலும் உறுதியான உரிமை இல்லாத நிலையை அவர் விரிவாகப் பதிந்தார். அதன் தொடர்ச்சியாகவே 1892ஆம் ஆண்டின் அரசாணையும் பின்னர் ‘பஞ்சமி நிலம்’ என்று அறியப்பட்ட ஒதுக்கீடும் வந்தன. பங்கு உண்டு; ஆனால் பங்கின் அளவைத் தீர்மானிக்கும் குரல் எல்லோருக்கும் இல்லை. இப்பகுதியின் பாடல்களை இவ்விரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

ஏற்றத்தில் எண்ணிக்கை

தொழிற்பாடல்களில் ஏற்றப்பாட்டு தனித்து நோக்கத்தக்கது. கிணற்றருகே நட்ட கால்களின்மேல் துலாமரம் குறுக்காக நிற்கும். அதன் ஒரு முனையில் கழி தொங்கும். கழியின் அடியில் சால். துலாவின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடக்க, அது தாழ்ந்தும் உயர்ந்தும் சாலை இறக்கி ஏற்றும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலைக் கவிழ்க்க, நீர் வாய்க்காலில் ஓடும். மேலே கால் தவறினால் கிணற்றுக்குள் விழ வேண்டியதுதான். கீழிருப்பவரின் கைக்கும் மேலிருப்பவரின் காலுக்கும் இடையே ஒத்திசைவு தேவை. அந்த ஒத்திசைவே தாளம்.

பாடலுக்கு இன்னொரு பணியும் இருந்தது. அது கணக்கு. பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கும் பாட்டு, இத்தனையாவது சால் என்ற எண்ணைத் தன்னுள் ஏந்திக்கொண்டே செல்லும். ஒருவர் ஓரடி பாட, மற்றவர் அதை வாங்கிப் பாடுவர். ஒரு பாத்திக்கு இத்தனை சால், ஒரு முறைக்கு இத்தனை சால் என்பது எல்லோரும் அறிந்த அளவு. பலருக்கும் பங்குள்ள கிணற்றில் ஒருவரது முறை எப்போது முடிந்தது, அடுத்தவரது முறை எப்போது தொடங்கியது என்பதைப் பாட்டைக் கேட்டே அறியலாம். தொலைவில் மடை மாற்றுபவரின் காதுக்கும் அது எட்டும். மணிப்பொறியும் நீர்மானியும் இல்லாத இடத்தில் பாடல் பொதுக் கணக்கேடாக விளங்கியது. உரக்கப் பாடப்படும் எண்ணிக்கையில் ஏமாற்ற இயலாது. ‘ஒற்றுமை’ என்று ஆய்வேடுகள் பெயரிடும் விழுமியம் இங்கே மிகத் திட்டமான ஒரு வடிவம் கொள்கிறது: நீரில் அவரவர் பங்கு அவரவருக்குக் கிடைத்ததை ஊரறியச் சொல்லுதல்.

கம்பர் ஏற்றக்காரர் ஒருவரின் பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியைக் கேட்க மறுநாள் விடியும்வரை காத்திருந்தார் என்பது தமிழகம் எங்கும் வழங்கும் கதை. பெரும்புலவரும் வியக்கும் கவித்திறன் பாமரரிடம் இருந்தது என்பதற்கே இதை எடுத்துக்காட்டுவர். கதையின் உள்ளே வேறொரு செய்தியும் உள்ளது. ஏற்றக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்தியது, அன்றைய இறைப்பு முடிந்ததால். பாட்டின் நீளத்தை முடிவு செய்தது நீரின் தேவை. கம்பரின் ஆவலுக்காக அது ஓரடிகூட நீளவில்லை.

1950களிலும் 60களிலும் சென்னை மாநிலத்தில் ஊரக மின்வசதியும் மின்னிறைப்பு இயந்திரங்களும் விரைந்து பரவின. இயந்திரத்தின் ஓசைக்கு மேல் யாரும் எண்ணிப் பாட வேண்டியதில்லை. நீரின் கணக்கு மணிக்கணக்காயிற்று. ஏற்றப்பாட்டு மறைந்ததற்குத் திரைப்பாடலின் தாக்கத்தையும் இளைஞரின் நாட்டமின்மையையும் காரணம் காட்டுவது பொருந்தாது. அது செய்துவந்த வேலையை வேறொன்று செய்யத் தொடங்கியது. அதனால் அது நின்றது.

நடவும் பறையும்

ஏற்றப்பாட்டில் ஏறத்தாழ நிகரானவர்களின் ஒத்துழைப்பைக் காணலாம். நடவுப்பாட்டின் நிலை வேறு. நாற்று நடும் பெண்கள் நிலமற்றவர்கள். வரப்பில் நிற்பவர் நிலமுடையவரோ அவருடைய கண்காணியோ ஆவார். குனிந்த முதுகோடு வரிசையாகப் பின்னகரும் உழைப்பில் வேகம் குன்றாதிருக்கப் பாட்டு உதவியது. ஆகவே நிலக்கிழாருக்கும் அது வேண்டியதாக இருந்தது. அதே பாட்டுக்குள் குறைவாக அளக்கும் மரக்காலும், பொழுது சாய்ந்தும் கரையேற விடாத கண்காணியும் கேலிக்கு ஆளாவர். நேரில் பேசினால் தண்டனைக்குரிய சொல், பாட்டில் வந்தால் பொறுக்கப்பட்டது. நெல் விளையும் பல பகுதிகளில் வயலுக்கு வரும் உடைமையாளரை மறித்துப் பாடிக் காசு பெறும் வழக்கமும் இருந்தது. பாட்டு அங்கே உரிமை கோரும் கருவி. ஆனால் அக்கருவி வயலின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது. அந்த இசைவும் உடைமையாளர் தந்தது.

பறையிசையில் இந்த முரண் கூர்மையடைகிறது. ஊர்ச்செய்தி அறிவித்தல், இறப்பில் அடித்தல், திருவிழாவில் அடித்தல் ஆகியவை குறிப்பிட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட ஊர்ப்பணிகள். அதற்கு ஈடாக மேரையும் சில இடங்களில் மானியமும் உண்டு. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லை. 20ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் மக்கள் இறப்பு வீட்டுக்குப் பறையடிப்பதில்லை என முடிவெடுத்தபோது அது கலையைக் கைவிட்டதாகக் கருதப்படவில்லை; ஊர்க் கட்டளையை மீறியதாகவே கொள்ளப்பட்டது. அதனாலேயே அவர்கள் பல இடங்களில் தாக்குதலையும் ஊர்விலக்கத்தையும் எதிர்கொள்ள நேர்ந்தது. ‘கிராமிய விழுமியம்’ என்ற சொல்லுக்குள் கட்டளையும் மறுப்பும் இரண்டுமே அடங்க வேண்டும். மறுப்பை விழுமியச் சிதைவு என்று எழுதும் ஆய்வு, தன்னை அறியாமலேயே மிராசுதாரரின் நிலையிலிருந்து பேசுகிறது.

பின்னாளில் பறை மீண்டும் கையில் எடுக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை விடுதலை இறையியலின் மொழியாக்கினார். இவரது இசையைப் பற்றி ஜோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. 1990களிலிருந்து தலித் கலை விழாக்களில் பறை மேடையேறியது. கருவி ஒன்றே, இம்முறை அதை அடித்தவர்கள் அடிக்க விரும்பி வந்தவர்கள்.

தொழிற்பேட்டையின் வருகை

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி, அம்பத்தூர், ஆவடி ஊர்களின் வழியாகவே சென்றது. ஆயினும் அடுத்த நூறாண்டு இவ்வூர்கள் பெரிதும் வேளாண் ஊர்களாகவே இருந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானம் குறித்த தொழில்வளர்ச்சி, மாநாடு கூடிய மண்ணையே முதலில் மாற்றியது என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் ஆலைகள், 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா பீரங்கி வண்டி எனச் சில ஆண்டுகளில் ஊரின் நாட்காட்டி மாறிவிட்டது. ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் இருந்த இடத்தில் ‘ஷிப்டு’ வந்தது.

ஏரிகளும் தப்பவில்லை. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் அமைத்த குடியிருப்பின் ஒரு பகுதிக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். பேருந்து நடத்துநரும் வீட்டுத் தரகரும் அன்றாடம் சொல்லும் அப்பெயரில் ஏரி எஞ்சியுள்ளது. எஞ்சிய நீர்நிலைகளுள் செம்பரம்பாக்கம் நகருக்குக் குடிநீர் தருகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். ஏரியைக் காக்கும் கடப்பாடு முற்றிலும் அற்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று. அது இப்போது மனுவின் மொழியில் பேசுகிறது.

ஆலை வேலைக்குப் பல மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் ஊர்ப்பாட்டைக் கேட்டது பெரும்பாலும் வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் திரையரங்கிலும்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜாவின் இசை நாட்டுப்புற மெட்டைத் தமிழகம் முழுவதற்கும் பொதுவாக்கியது. அதில் ஒலித்த கிராமத்துக்கு மாவட்டம் இல்லை. எந்த ஊரை விட்டு வந்தவரும் அதைத் தம் ஊராகக் கொள்ளலாம். அமெரிக்க வரலாற்றில் இதற்கு இணையான ஒன்று உண்டு. ‘கன்ட்ரி’ இசை எனப்படும் அந்நாட்டு நாட்டார் இசை, 1925இல் தொடங்கிய நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியாலும் 1927இல் பிரிஸ்டல் நகரில் ரால்ப் பீர் நடத்திய ஒலிப்பதிவுகளாலும் தொழிலாக உருப்பெற்றது. மலையூர்களையும் பருத்தி வயல்களையும் விட்டு நகர ஆலைகளுக்கு வந்தோர் அதன் முதன்மையான நுகர்வோருள் அடங்குவர். அவ்விசையின் ‘உண்மைத்தன்மை’ எவ்வாறு புனையப்பட்டது என்பதை ரிச்சர்ட் பீட்டர்சன் 1997இல் எழுதிய நூல் விளக்குகிறது. வீடு, தாய், மண், எளிமை ஆகியவை விழுமியங்களாகப் பெயர் பெற்றுப் பாடப்பட்டது, அவற்றை விட்டு வந்த பிறகே. ஊரில் இருந்தவரைச் சாலின் எண்ணிக்கையும் மரக்காலின் அளவுமே பாட்டின் பொருள். அம்பத்தூரின் நிகழ்வும் இதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. ஆய்வேடுகளின் ‘விழுமியங்கள்’ இயலும் இந்தப் பிரிவுணர்வின் குழந்தைதானோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

ஆடி மாதமும் இறப்பு வீடும்

இத்தனைக்கும் பிறகு எஞ்சியவை எவை? பாரதக் கூத்து இப்பகுதியில் சுருங்கிவிட்டது. அதன் உயிர்ப்பை இன்று காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் தேட வேண்டும். ஆனால் இறப்பும் அம்மன் வழிபாடும் தம் இசையை விடவில்லை.

ஒப்பாரி, பெண்கள் இறந்தவருக்குச் செலுத்தும் கடன். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையிலான சீர், மனத்தாங்கல், ஆதரவின்மை யாவும் அந்நேரம் வெளிப்படும். சென்னையின் உழைக்கும் மக்களிடையே இதன் அருகிலேயே ‘மரண கானா’ வளர்ந்தது. இறந்தவரின் உடலருகே இரவெல்லாம் பாடும் இவ்வழக்கில் பாடுவோர் பெரும்பாலும் ஆண்கள், மொழி நகரத்துடையது. வயலோ ஏரியோ இதற்குத் தேவைப்படவில்லை. இறந்தவரைத் தனியே விடலாகாது என்ற கடமை மட்டும் தேவைப்பட்டது. அது நகரத்திலும் குறையவில்லை.

ஆடியில் திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சி, திருமுல்லைவாயில் பச்சையம்மன் போன்ற பெருங்கோயில்களில் கூட்டம் அலைமோதும். இசை வரலாற்றுக்கு இவற்றைவிடத் தெருமுனை அம்மன் கோயில்களே முதன்மையானவை. காப்புக் கட்டி, கரகம் எடுத்து, கூழ் வார்க்கும் விழாவுக்குப் பம்பை, உடுக்கை, சிலம்பு இசைக்கும் குழுவை அச்சாரம் கொடுத்து அழைப்பர். வர்ணிப்புப் பாடி அம்மனை வரவழைப்பது அவர்கள் வேலை. சாமி வந்து இறங்காவிட்டால் பம்பைக்காரர் பாட்டைத் திருப்பிப் பிடித்துத் தாளத்தை முடுக்குவார். இறங்கிய பின்னர்தான் நிறுத்துவார். ஏற்றப்பாட்டைப் போலவே இங்கும் பாட்டின் நீளத்தை வேலையே முடிவு செய்கிறது. 1970களிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிபெருக்கியில் விடியற்காலை முதல் முழங்கிவருகின்றன. அவை பம்பைக் குழுவின் இடத்தைப் பிடிக்கவில்லை. விழாச் சூழலை உண்டாக்க ஒலித்தட்டு போதும். கரகம் சோடிக்கும் நேரத்தில் ஆளே வேண்டும். எது பண்டம், எது பணி என்ற வேறுபாட்டை விழாக் குழுவினர் எந்த ஆய்வாளரையும்விடத் துல்லியமாக அறிந்துள்ளனர்.

கூழுக்கான கேழ்வரகு இப்போது கடையில் வாங்குவது. தலைக்கட்டு வரி, தெருவில் வீடு வாங்கிய புதியவர்களிடமும் நன்கொடையாகப் பெறப்படுகிறது; வாடகைக்கு இருப்போரும் தருகின்றனர். பழைய ஊரில் வரி கொடுக்கும் தகுதியே சிலருக்கு மறுக்கப்பட்டிருந்ததை நோக்க, இது சிறிய மாற்றமன்று. எனினும் சேரியின் அம்மனும் ஊரின் அம்மனும் வேறு வேறு நாளில் புறப்படும் வழக்கம் நீடிக்கும் இடங்களில், பம்பையின் ஒலி எத்தெருவரை செல்லும் என்பது பழைய கணக்கின்படியே நடக்கிறது.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. வட்டங்களின் எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டன. எல்லை கட்டும் இரவில் பம்பைக் குழு அந்த எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை. தூர்ந்த கால்வாயின் மேல் போடப்பட்ட சாலை, மதகு இருந்த இடத்தில் எழுந்த அடுக்ககம், முன்பு களமாக இருந்த பேருந்து நிறுத்தம் எனப் பழைய ஊரின் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொரு முனையிலும் நின்று அடித்துவிட்டு, எலுமிச்சையை வெட்டிப் போட்டு நகர்கிறது.